கரைக்கு வரும் தாயும் கரைக்குச் செல்லும் நாமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. ஆமை எந்த வீட்டில் புகுந்து எதைக் கெடுத்தது என்பதை நான் அறியேன். ஆனால் மனிதர் புகுந்து ஆமையின் வீட்டைக் கெடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டது மட்டுமன்று, கெடுத்தவர்களுள் நானும் ஒருவன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இல்லையேல் இக்கட்டுரை ஊருக்கு உபதேசமாகிவிடும்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நாங்கள் நாற்பது பேர் கல்விச் சுற்றுலா சென்றோம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பகலெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கினோம். எங்களில் பெரும்பாலோர் கடலையே அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்கள். உறக்கம் வருமா? உடன் வந்த ஆசிரியர்கள் உறங்கிய பின், நள்ளிரவில் எட்டுப் பேர் ஓசைப்படாமல் கரைக்கு இறங்கினோம்.

விடுதியின் விளக்கொளி மணல்மீது நீண்டு கிடந்தது. அந்த ஒளியின் ஓரத்தில், அலை விட்டுச் சென்ற ஈரத்தில், ஒரு பாறை அசைந்தது. அது பாறையன்று, ஆமை. முன்னிரு துடுப்புகளையும் மணலில் ஊன்றி, இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் இழுத்து அது கரையேறிக் கொண்டிருந்தது. நாங்கள் ஓடினோம். கூச்சலிட்டோம். எட்டுக் கைப்பேசிகளும் ஒருசேர ஒளி வீசின. வகுப்பில் படம் எடுப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான்; ஆகவே என் விளக்குத்தான் அதன் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. நண்பன் ஒருவன் அதன் ஓட்டின்மீது ஒரு காலை ஊன்றி நின்றான். அதையும் படம் எடுத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்திருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"தம்பிங்களா, வெளக்க அணைங்கடா! புள்ளத்தாச்சிடா அது. உங்க வூட்டுப் பொண்ணு புள்ள பெக்கப் போனா, இப்படித்தான் சுத்தி நின்னு வெளக்கடிப்பீங்களா?"

விளக்குகளை அணைத்தோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆமை மெல்லத் திரும்பியது. வந்த வழியே, வந்ததைவிட விரைவாக, கடலுக்குள் சென்று மறைந்தது. ஒரு முட்டைகூட இடவில்லை. "இன்னிக்கே வேற எடத்துல ஏறுதோ, நாளைக்கு ஏறுதோ, அதுக்கே வெளிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். அவர் எங்களை இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்தப் படத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. ஆனால் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவரின் சொல்தான் என் காதில் விழுந்தது. விலங்கியல் படிக்கும் எனக்குத் தெரியாதது, பள்ளிக்கூடமே போயிராத ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கத்தில்தான் கடலாமையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

யார் இந்த விருந்தாளி?

நம் கரைக்கு வரும் கடலாமைகளுள் மிகப் பெரும்பாலானவை பங்குனி ஆமைகள். பெயரே பருவத்தைச் சொல்லுகிறது. மார்கழி இறுதியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை இவை தமிழகத்தின் கிழக்குக் கரையில் முட்டையிட வருகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருசிகுல்யாவிலும் இவ்வினமே கூட்டங் கூட்டமாகக் கரையேறுகிறது. 2025 ஆம் ஆண்டில் ருசிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாகக் கணக்கிடப்பட்டது. நம் கரையில் அத்தகைய திருவிழா இல்லை. இங்கே ஒவ்வொன்றும் தனித்து வருகிறது, இருளில் வருகிறது, யாரும் அறியாமல் திரும்பிச் செல்லவே விரும்புகிறது.

வளர்ந்த ஆமை இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும், 35 முதல் 50 கிலோ எடையும் உடையது. நீரில் பறவைபோல் பறக்கும் அவ்வுடல் மணலில் பெருஞ்சுமையாகிவிடுகிறது. அலை எட்டாத இடம் வரை ஏறி, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி பறித்து, நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இடுகிறது. பின்னர்க் குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இதற்கெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பிறகு அந்தத் தாய் தன் முட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சுமார் 45 முதல் 55 நாட்களில் கதிரவனின் வெம்மையே அவற்றைப் பொரிக்கச் செய்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த மணலின் வெப்பமே முடிவு செய்கிறது; வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும்.

இவ்வளவும் நடப்பதற்கு அது நம்மிடம் கேட்பவை மூன்றே: இருட்டு, அமைதி, கொஞ்சம் வெறும் மணல். இம்மூன்றையும் ஒரே இரவில் பறித்துக்கொண்டவர்கள் நாங்கள் எட்டுப் பேர்.

இலக்கியமும் உயிரியலும்

தமிழ்த்துறை நண்பர் ஒருவர் எனக்கு அகநானூற்றின் 160 ஆம் பாடலைக் காட்டினார். குமிழி ஞாழலார் நப்பசலையார் என்னும் புலவர் பாடியது. நிறைசூல் கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதையக் கரையேறி, வெண்மணலில் முட்டைகளை மறைத்துப் புதைக்கும் காட்சி அதில் வருகிறது. படித்தபோது வியந்து போனேன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நெய்தல் நிலத்து மணலில் பொறுமையோடு நின்று, தொந்தரவு செய்யாமல் பார்த்திருந்தாலன்றி இத்தனை நுட்பமாக எழுதியிருக்க இயலாது. அந்த அடும்பங்கொடி இன்றும் நம் மணல்மேடுகளில் ஊதாப்பூப் பூத்துப் படர்ந்து, மணலைக் கட்டிக் காக்கிறது.

அப்பாடலில் இன்னொரு செய்தியும் உண்டு. குஞ்சுகள் வெளிவரும் வரை ஆண் ஆமை அம்முட்டைகளைக் காத்து நிற்கும் என்கிறார் புலவர். உயிரியல் இதை ஏற்பதில்லை. முட்டையைக் காப்பதற்காக ஆண் கடலாமை கரையேறுவது கிடையாது. முட்டைகளுக்குக் காவல் என்று எவரும் இல்லை. புலவர் கற்பனை செய்த அந்தக் காவலன் பணியிடம் இன்றளவும் காலியாகவே இருக்கிறது. அதை நாம் நிரப்பினால் என்ன?

வள்ளுவரும் ஆமையை மறக்கவில்லை. ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையையே உவமையாகச் சொன்னார். அவர் சொன்னது உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமை. கடலாமைக்கோ அந்த ஆற்றல் இல்லை. நீந்துவதற்கென்றே அமைந்த அதன் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. நாம் விளக்கடித்தால் அது முகத்தை மறைத்துக்கொள்ள முடியாது. நாம் தொட்டால் அது ஒடுங்கிக்கொள்ள முடியாது. ஆகவே கடற்கரையில் அடக்கம் என்பது ஆமைக்கு உரியதன்று, நமக்கு உரியது.

மீண்டும் ஒரு முறை

இவ்வாண்டு தை மாத விடுமுறையில் சென்னையிலுள்ள சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு வார இறுதியில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை. புறப்படும் முன்பே விதிகளைச் சொல்லிவிட்டார்கள். விளக்கு கூடாது. உரத்த பேச்சு கூடாது. வழிநடத்துபவர் கையை உயர்த்தினால் அசையாமல் நிற்க வேண்டும். "இன்று ஆமை வராமலும் போகலாம். வந்தால் அது நம் அதிர்ஷ்டம், வராவிட்டால் அது அதன் விருப்பம்" என்றார் எங்களுக்கு வழிகாட்டிய அக்கா. அவரும் ஒரு கல்லூரி மாணவியே.

முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. விளக்கில்லாமலும் நுரை வெண்மையாகத் தெரிந்தது. நண்டு ஓடுவது தெரிந்தது. இருட்டு என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் நம் விளக்கின் குற்றமே என்று அன்று அறிந்துகொண்டேன்.

ஓரிடத்தில் மணலில் உழவு வண்டியின் சக்கரம் பதிந்தாற்போன்ற தடம் இருந்தது. அதைக்கொண்டே ஆமை ஏறிய வழியையும் இறங்கிய வழியையும் வேறுபடுத்தினார்கள். பிறகு ஒரு கோலை மணலில் மெல்ல ஊன்றிப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையால் தோண்டினார்கள். முட்டைகள் இருந்தன, மேசைப் பந்தாட்டப் பந்துபோல் உருண்டையாக, வெண்மையாக. ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் எடுத்து, காப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைப்பதற்காகக் கொண்டு சென்றார்கள். நாய்களும் விளக்குகளும் மனிதக் கால்களும் மலிந்த நகரக் கரையில் முட்டைகளை இருந்த இடத்திலேயே விட்டு வைக்க முடிவதில்லை. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்று. கரை கரையாக இருந்தால் காப்பகமே தேவையில்லை.

இரவு இரண்டரை மணி அளவில் முன்னால் சென்றவர் கையை உயர்த்தினார். நின்றோம். பிறகு அமர்ந்தோம். சற்றுத் தொலைவில் ஒரு ஆமை. அது குழி பறித்து முடிக்கும் வரை எங்களை ஓரடிகூட நெருங்க விடவில்லை. கரையேறும்போதும் குழி பறிக்கும்போதும்தான் அது மிக எளிதில் மிரளும். முட்டையிடத் தொடங்கிய பின்பே ஓரளவு நிலைகொள்ளும் என்று காதோடு சொன்னார்கள். முட்டையிடத் தொடங்கியதும், அதன் கண்ணில் படாதபடி பின்புறமாகச் சென்று அமர்ந்து பார்த்தோம். முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகையன்று, உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டை அடைத்தது.

முட்டையிட்டு முடித்ததும் அது மணலைத் தள்ளிக் குழியை மூடி, உடலை இடமும் வலமுமாக அசைத்து, அடியோட்டால் மணலைத் திம் திம் என்று தட்டிக் கெட்டிப்படுத்தியது. நடவு முடித்த உழத்தி வரப்பை மிதித்து அணைப்பது என் நினைவுக்கு வந்தது. பிறகு கடலை நோக்கித் திரும்பியது. அலை வந்து அதைத் தூக்கியது. மறுகணம் அது இல்லை. யாரும் பேசவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. ஆயினும் அந்தக் காட்சிதான் என்னிடம் முழுமையாக இருக்கிறது. சென்ற ஆண்டு எடுத்த படத்தில் இருப்பதோ ஒளிபட்டு மிரண்ட இரு கண்களும் நண்பனின் ஒரு செருப்பும் மட்டுமே.

போகலாமா, கூடாதா?

"அப்படியானால் கடற்கரைக்கே யாரையும் விடக்கூடாது, பருவம் முடியும் வரை அடைத்துவிட வேண்டும்" என்கிறார்கள் சிலர். வேறு சிலரோ, "கடற்கரை பொதுச்சொத்து, காசு கொடுத்து விடுதியில் தங்குகிறோம், பார்க்கக் கூடாது என்று சொல்ல நீ யார்?" என்கிறார்கள். இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலாவது கூற்றைப் பார்ப்போம். 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆமை முட்டைகளைக் காக்க முதலில் நடந்தவர்கள் யார்? ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்களும்தாம். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர். அவர் பின்னாளில் கடலாமைகளைத் தேடி இந்தியக் கரைகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். 1982 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இலட்சத்தீவின் சுஹேலி என்னும் ஆளில்லாத் தீவில் மாதக்கணக்கில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளை ஆராய்ந்தார். 2023 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 1988 ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அந்த நடையைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. இவர்களெல்லாம் கண்டதனால் அன்பு கொண்டவர்கள். அன்பு கொண்டதனால் காத்தவர்கள். மக்களைக் கரையிலிருந்து துரத்திவிட்டால் நாளைக்கு ஆமைக்காகப் பேச ஒருவர் இருக்கமாட்டார். மகாராட்டிரத்தின் வேளாஸ் என்னும் சிற்றூரில், ஆமைக் குஞ்சுகள் கடலுக்குச் செல்வதைக் காண வருவோரை ஊர்மக்கள் தங்கள் வீடுகளிலேயே தங்க வைத்து, சோறிட்டு, வருவாயும் பெறுகிறார்கள். அங்கே ஆமை பிழைப்பதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே காணச் செல்வது குற்றமன்று.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். கட்டுப்பாடில்லாத ஆசை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2015 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா நாட்டில் ஆஸ்டியனால் என்னும் கரையில், இதே இன ஆமைகள் முட்டையிடக் கரையேறியபோது நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றனர். படத்துக்காகச் சிலர் குழந்தைகளை ஆமைகளின்மீது உட்கார வைத்தனர். பல ஆமைகள் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பின. அவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். ஆமையைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டு வந்தவர்களே. நாங்கள் எட்டுப் பேரும் அப்படித்தான். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது. நடந்துகொள்ளத் தெரியவும் வேண்டும் என்பதே நான் கற்ற பாடம். பொதுச்சொத்து என்றால் எல்லாருக்கும் உரியது என்று பொருள். அந்த எல்லாருக்குள் நமக்கு முன்பே அக்கரைக்கு வந்துகொண்டிருந்த ஆமையும் அடங்கும்.

நண்பர் ஒருவர் வேறொரு கேள்வியை எழுப்பினார்: "2025 சனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அவற்றைக் கொன்றது உன் கைப்பேசி விளக்கா?" நியாயமான கேள்வி. கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவை மடிகளில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துவிடும். கரைக்கு அருகில் இழுவைப் படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்கும் சட்டமும், மடியில் சிக்கிய ஆமை தப்பி வெளியேறுவதற்கான கருவியும் இருக்கின்றன. அவை முறையாகச் செயற்படவில்லை. அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது நம் கடமையே. மலிவாக மீன் வேண்டுமென்று கேட்கும் நகரத்தாருக்கும் அதில் பங்குண்டு என்பதை மறந்து, மீனவரை மட்டும் பழிப்பது அறமன்று. எனக்குப் புத்தி சொன்னவரே ஒரு மீனவர்தாம். ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். அத்தனை மடிகளுக்கும் தப்பி, கருவைச் சுமந்து, கரை வரை வந்து சேர்ந்த ஒரு தாயை, கடைசி இருபது அடி தூரத்தில் நாம் திருப்பி அனுப்பலாமா? கடலில் நடப்பது நம் கையில் இல்லை என்று சொல்லலாம். கரையில் நடப்பது முழுக்க முழுக்க நம் கையில் அல்லவா இருக்கிறது?

விருந்தினர் இலக்கணம்

பருவ காலத்தில் கடற்கரைக்குச் செல்லும் நண்பர்களுக்கு நான் கற்றவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, வெளிச்சம். முட்டையிட வரும் ஆமை ஒளி கண்டால் திரும்பிவிடும். குஞ்சுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மணலிலிருந்து வெளிவந்ததும் அவை ஒளிமிக்க திசையைக் கடல் என்று நம்பி ஓடுகின்றன. இயற்கையான கரையில் வானொளி பட்ட கடலே வெளிச்சமான திசை. இன்றோ விடுதிகளும் தெருவிளக்குகளும் கடலைவிட ஒளிர்கின்றன. கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு சாலைக்குப் போய் நசுங்குகிறது. ஆகவே கைப்பேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். கடலைப் பார்த்த அறையில் தங்கினால் விளக்கை அணையுங்கள். திரையை இழுத்து விடுங்கள். விடுதியாரிடம் முற்றத்து விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து விருந்தினர் கேட்டால் அவர்கள் செவிசாய்க்காமல் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, தூரம். ஆமைக்கு முன்னால் நிற்காதீர்கள். கடலுக்கும் அதற்கும் இடையே போகாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் இரவில் தேடி அலையாதீர்கள். தெரிந்தவர்களோடு சேர்ந்து நடங்கள். தற்செயலாக எதிர்ப்பட்டால் அசையாமல் அமர்ந்துவிடுங்கள். தொடுவதும், முட்டை எடுப்பதும், ஓட்டின்மீது ஏறுவதும் அநாகரிகம் மட்டுமல்ல. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிருக்கு இழைக்கும் குற்றமும் ஆகும். என் நண்பன் கால் ஊன்றி எடுத்துக்கொண்ட படம் உண்மையில் அவனுக்கு எதிரான சாட்சியம். எடுத்த எனக்கும்தான்.

மூன்றாவது, மணல். பகலில் தோண்டிய குழியை மாலையில் மூடுங்கள். நாற்காலிகளை ஓரத்தில் எடுத்து வையுங்கள். தாய்க்குத் தடையாகவும் குஞ்சுக்குக் கிடங்காகவும் அவை ஆகிவிடும். மணல்மேல் வண்டி ஓட்டாதீர்கள். தின்று எறியும் மிச்சம் நாய்களையும் காக்கைகளையும் கரைக்கு அழைக்கும். அவை அடுத்துத் தேடுவது முட்டையையும் குஞ்சையும்தான். பிளாஸ்டிக் பை கடலுக்குள் போனால் ஆமை அதைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கும்.

நான்காவது, குஞ்சுகள். மாசி இறுதி தொடங்கிச் சித்திரை வரை காப்பகங்களில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காணலாம். குழந்தைகளுடன் செல்வோருக்கு இதுவே சிறந்த காட்சி. அங்கே கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள். "பாவம், தடுமாறுகிறதே" என்று கையில் எடுத்து நீரில் விடாதீர்கள். அந்தச் சில அடிகளைத் தானே நடந்து கடப்பது அதன் வாழ்வின் முதற்பாடம். பிறந்த கரையை அது நினைவில் பதித்துக்கொண்டு, வளர்ந்த பின் அப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது என்பது அறிஞர் கருத்து. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முழு வளர்ச்சி அடையும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்று எது என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றும் அதுவே என்று எண்ணி நடந்துகொள்வதே முறை.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியின் பல துறைகள் ஆண்டுதோறும் கடற்கரையை நோக்கியே சுற்றுலா செல்கின்றன. அதுவும் தைக்கும் பங்குனிக்கும் இடையில். அது அப்படியே ஆமைகளின் பருவம். நம் ஊரில் கடல் இல்லை. ஆகவே கடலின் முறைகளை நமக்குச் சொல்லித் தருவோரும் இல்லை. பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பேருந்து புறப்படும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி இச்செய்திகளை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். கரையோரம் தங்குவதானால் இரவில் விளக்கணைக்கும் விடுதியாகத் தேர்ந்தெடுங்கள். இயன்றால் ஓர் இரவு ஆமை நடைக்கு நேரம் ஒதுக்குங்கள். எங்களை அறையில் பூட்டி வைக்க வேண்டா. பூட்டினால் நாங்கள் சாளரம் வழியே இறங்குவோம் என்பது எனக்குத் தெரியும். முறையோடு அழைத்துச் செல்லுங்கள், முறையோடு நடந்துகொள்வோம்.

இளைய நண்பர்களே! அடுத்த ஆண்டு நான் இக்கல்லூரியில் இருக்கமாட்டேன். நீங்கள் அக்கரைக்குச் செல்வீர்கள். நள்ளிரவில் ஓசைப்படாமல் இறங்கவும் செய்வீர்கள். அப்போது ஈரமணலில் ஒரு பாறை அசைவதைக் கண்டால், அது நாங்கள் திருப்பி அனுப்பிய அதே தாயாகவும் இருக்கக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு அமர்ந்துவிடுங்கள். அது முட்டையிட்டுவிட்டுப் போகட்டும். நாங்கள் பட்ட கடனை அன்று நீங்கள் அடைத்தவர்கள் ஆவீர்கள்.